உடைஞ்ச பாத்திரம் நமக்கு, உருக்குன இரும்பு யாருக்கு?

‘மறுசுழற்சி’ என்றொரு சொல்லைக் கொஞ்ச காலமாய் நம் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஓவியப் போட்டி, கல்லூரியில் கருத்தரங்கு, கலெக்டர் ஆபீசில் உறுதிமொழி. இரும்பையும் அலுமினியத்தையும் பிளாஸ்டிக்கையும் திரும்ப உருக்கிவிட்டால் நாட்டின் குப்பைப் பிரச்சினை தீர்ந்துபோகுமாம். நல்ல சேதிதான். உருக்குவதற்கு முன்னால் அதை யார் பொறுக்குறது, யார் கையால் பிரிக்கிறது, பிரித்தவளுக்குக் கடைசியில் என்ன மிஞ்சுது என்று கேட்டால் மட்டும் கருத்தரங்கில் சத்தம் அடங்கிப்போகுது. அதற்குள் டீ வந்துவிடும். டீ குடித்த கப்பை அள்ள வருகிற அம்மா எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்று மேடையில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். தெரிஞ்சே பேசுறாங்க.

இந்த நாட்டில் மறுசுழற்சிக்கு முதலில் சட்டம் எழுதியது சுற்றுச்சூழல் அமைச்சகம் கிடையாது தோழர்களே. மனு. பத்தாம் அத்தியாயத்தில் 51, 52 சுலோகங்களைத் தேடிப் பாருங்கள். சண்டாளன் ஊருக்கு வெளியே கிடக்கணும், செத்தவன் துணியை உடுத்தணும், உடைந்த பாத்திரத்தில் தின்னணும், இரும்பில்தான் நகை பூணணும் என்று எழுதி வைத்திருக்கிறது. ஊர் கழித்துப்போட்டதை எடுத்துப் பிழைக்க ஒரு சனத்தையே ஒதுக்கி வைப்பது, அதுதான் ஏற்பாடு. 1927 டிசம்பர் 25இல் மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் முன்னிலையில் எரிக்கப்பட்டது இந்த ஏற்பாடுதான். எரித்து மூணு வருசம் கழித்து, 1930 டிசம்பரில் நம் ராமநாதபுரம் சீமையில் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை ஆதிக்கசாதிகள் விதித்தன. தங்கமும் வெள்ளியும் போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது, செருப்பும் குடையும் கூடாது என்று போகிற அந்தப் பட்டியலில், வீட்டில் மண்பாண்டத்தைத் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது என்பதும் ஒன்று. ஹட்டன் என்கிற வெள்ளைக்கார அதிகாரி இதைப் பதிந்து வைத்துவிட்டுப் போனதால் நமக்குத் தெரியுது. பித்தளைக் குண்டான் ஒண்ணு வச்சிருந்தாலே திமிரு. அதே பித்தளையை உடைசலாகப் பொறுக்கி எடுத்துட்டுப் போய்க் கடையில் போட்டால் தீட்டில்லை. புது உலோகம் அவங்களுக்கு, கழிச்ச உலோகம் நமக்கு. இப்போ அதுக்குப் பேர் பசுமைப் பொருளாதாரம்.

பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கத்திக்கொண்டு சைக்கிளில் வருவார்களே, அந்தக் காலத்தையும் யாரும் பொன்னுலகமாக்க வேண்டியதில்லை. கிலோ கணக்கில் இரும்பைக் கொடுத்துக் கையளவு பழம் வாங்கித் தின்றோம். களமருதூர், திருநாவலூர், உளுந்தூர்ப்பேட்டை என்று எங்கே போனாலும் இப்போது ஸ்பீக்கர் கட்டின வண்டி வருது. பேரீச்சம்பழம் போய்ப் பிளாஸ்டிக் குடமும் பேசினும் வந்தாச்சு. உலோகத்தைக் கொடுத்துப் பிளாஸ்டிக்கை வாங்கி வீட்டுக்குள் வைக்கிறோம். இந்தப் பண்டமாற்றைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

ஏனென்றால் உலோகம் வேறு, பிளாஸ்டிக் வேறு. இரும்பு, செம்பு, அலுமினியம் இதையெல்லாம் திரும்பத் திரும்ப உருக்கலாம், குணம் போகாது. தாதுவிலிருந்து புதுசாய் அலுமினியம் எடுக்கப் பிடிக்கிற சக்தியில் நூற்றுக்கு ஐந்து பங்கு போதும், பழசை உருக்கிவிடலாம். அதனால்தான் ரோட்டில் ஒரு தகரத்துண்டு ராத்திரி தங்காது. பிளாஸ்டிக்கை உருக்க உருக்கத் தரம் இறங்கும். தண்ணி பாட்டில் பெரும்பாலும் நூலாக, பஞ்சாக, பட்டையாகத்தான் திரும்பி வரும். அப்புறம் அதுவும் குப்பைதான். சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு பாக்கெட் சங்கதி இன்னும் மோசம். பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டின அடுக்கு அது. பிரிக்கிற செலவுக்குக் காசு தேறாது, எந்தக் காயலான் கடையிலும் தராசில் ஏறாது. 2017இல் வெளிவந்த ஓர் உலகளாவிய கணக்குப்படி, 2015 வரை மனிதகுலம் செய்து தள்ளிய பிளாஸ்டிக் 830 கோடி டன். அதில் 630 கோடி டன் கழிவாகிவிட்டது. அந்தக் கழிவில் மறுசுழற்சிக்குப் போனது வெறும் 9 சதவீதம். 12 சதவீதத்தை எரித்தார்கள். மிச்சமெல்லாம் மண்ணிலும் தண்ணியிலும் கிடக்குது. விலை போகிறது மேலே போகும், விலை போகாதது சேரியோரத்தில் தங்கும். குப்பைமேடு கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் ஏன் வந்தது, போட் கிளப்பில் ஏன் வரவில்லை? கொழும்பு மீத்தொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு அன்றைக்குக் குப்பைமலை சரிந்து 32 பேரைக் கொன்றதே, அதன் அடியில் இருந்தது ஏழை சனத்தின் வீடுகள்.

‘சேரிக்காரங்க கண்ட இடத்துல பாக்கெட்டைப் போடுறாங்க’ என்று நம்மைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிறார்கள். சரி, அந்தப் பாக்கெட் எங்கே பிறந்தது? அமெரிக்காவில் தேட வேண்டாம். நம்ம பழைய தென்னாற்காடு மாவட்டத்துக் கடலூரில். சின்னி கிருஷ்ணன் என்கிறவர் சின்னச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கிற யோசனையைத் தொடங்கிவைத்தார். அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் 1983இல் 15 ஆயிரம் ரூபாய் முதலில் ‘சிக்’ ஷாம்பு ஆரம்பித்தார். பாட்டில் ஷாம்பு வாங்க முடியாத கூலிக்காரச் சனமும் தலைக்குத் தேய்க்கட்டும் என்பது வியாபாரம். அதில் எனக்குப் பொறாமை ஒன்றும் இல்லை, நம்ம பொம்பளைங்களும் மணக்க மணக்கத் தலைவாரட்டுமே. ஆனால் அந்த வியாபாரம் எப்படி ஊன்றியது என்று கேளுங்கள். எந்தக் கம்பெனிப் பாக்கெட்டாக இருந்தாலும் சரி, ஐந்து காலிப் பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார்கள். சனங்க தேடித் தேடிக் கொண்டுவந்தார்கள். பிறகு சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும்தான் இலவசம் என்று மாற்றினார்கள். விற்பனை எகிறியது. ரங்கநாதனே பேட்டிகளில் பெருமையாகச் சொன்ன கதை இது; வணிகப் படிப்பில் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

என்ன விளங்குது? போட்டிக் கம்பெனியை அடிக்க வேண்டும் என்றபோது பட்டிக்காட்டுப் பெட்டிக்கடை வரைக்கும் போய்க் காலிப் பாக்கெட்டை எண்ணி வாங்க முடிந்தது. வண்டி இருந்தது, ஆள் இருந்தது, கணக்கு நோட்டு இருந்தது. ஒரு கம்பெனியைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. இன்றைக்கு மொத்தக் கம்பெனிக்காரனும் ‘அடுக்குப் பிளாஸ்டிக்கைத் திரும்பச் சேகரிப்பது நடைமுறைக்கு ஒத்துவராது’ என்று கையை விரிக்கிறானே, அவனுக்குத்தான் இந்தப் பதில். நீலகிரியில் 2022இல் உயர்நீதிமன்றம் பிடரியில் கைவைத்த பிறகு டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாய் வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தர ஆரம்பித்தார்கள். பத்தில் ஒன்பது பாட்டிலுக்கு மேல் திரும்பி வந்தது. விலை வைத்தால் குப்பை தானாய் நடந்து வருது. விலை வைக்காத குப்பையைத்தான் சாதியை வைத்து அள்ளுகிறார்கள்.

விலையும் வேண்டாம், பொறுப்பும் வேண்டாம், சான்றிதழ் போதும் என்று கண்டுபிடித்தார்கள் அடுத்து. பிளாஸ்டிக் செய்கிறவனே அதைத் திரும்பப் பெறும் பொறுப்பாளி என்று 2016 விதிகளில் எழுதினார்கள். 2022இல் அதற்கு ஒரு சந்தையைத் திறந்தார்கள். ஆலைக்காரன் இத்தனை டன் மறுசுழற்சி செய்தேன் என்று சான்று போடுவான், கம்பெனிக்காரன் அதைக் காசு கொடுத்து வாங்கிக் கணக்கு காட்டுவான். 2023இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே சோதித்துப் பார்த்ததில் 6 லட்சத்துக்கு மேல் போலிச் சான்றுகள். பிளாஸ்டிக் ஏரியில் மிதக்குது, காகிதத்தில் கரைஞ்சு போச்சு. இந்தச் சான்றுகளில் ஒன்றுக்காவது குப்பை பொறுக்கின கைக்கு ஒரு நயா பைசா வந்ததுண்டா?

வராது. மேலே இருந்து வரி மட்டும் கீழே வரும். 2021 அக்டோபரில் பிளாஸ்டிக் கழிவுக்கான ஜிஎஸ்டியை 5 சதவீதத்திலிருந்து 18 ஆக உயர்த்தினார்கள். 2024 அக்டோபரில், பதிவில்லாத சின்ன வியாபாரியிடம் உலோகக் கழிவு வாங்கினால் வாங்குகிறவரே வரி கட்டணும் என்றார்கள். ஆலைக்காரன் அந்த வரியைத் தன் பையிலிருந்தா எடுப்பான்? மொத்த வியாபாரியிடம் விலையைக் குறைப்பான், அவன் காயலான் கடையில் குறைப்பான், கடைக்காரர் சாக்கு மூட்டையோடு நிற்கிற நரிக்குறவர் பெண்ணிடம், இருளர் பையனிடம், நம்ம தெரு ஆயாவிடம் குறைப்பார். காயலான் கடைக்காரரைப் பெரிய வில்லனாக்கிப் பேசுகிறவர்களும் உண்டு. அவரே பெரும்பாலும் கடன்வாங்கிக் கடைநடத்துகிற சின்ன ஆள். தராசில் அவர் கைவைப்பது உண்மை. தராசே யாருடையது என்பதுதான் பெரிய உண்மை. விலை சரிகிற நாளில் பசங்க என்ன செய்வார்கள்? ஒயரைக் கொளுத்துவார்கள். மேலே இருக்கிற பிளாஸ்டிக் உறை எரிந்து செம்பு தனியாய் வந்தால் நாலு காசு கூடக் கிடைக்கும். அந்தப் புகையில் டயாக்சின் இருக்குது, அது நெஞ்சுக்கும் ரத்தத்துக்கும் நஞ்சு. மாட்டுச்சாலையில் அல்ல, நம் குழந்தைகள் தூங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் எரியுது.

ரோட்டுக்கு வாங்க. பிளாஸ்டிக்கைத் தாரில் கலந்து ரோடு போடும் முறையை மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடித்தார், 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் உழைப்பு பெரிது, சந்தேகமில்லை. அந்த ரோடு ஊர்த்தெருவோடு நின்றுபோகாமல் நம் தெருவுக்குள்ளும் வருதா என்று மட்டும் நடந்து பாருங்கள். எதற்கும் ஆகாத மிச்சப் பிளாஸ்டிக்கை அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலைகளுக்கு எரிக்க அனுப்புகிறார்கள். எரிப்பதைக்கூட மேடையில் மறுசுழற்சி என்றே சொல்லிவிட்டுப் போகிறார்கள், யாரும் மறுப்பதில்லை.

*

இனி நம்ம ஊராட்சிகளுக்கு வருவோம். 150 வீட்டுக்கு ஒரு ‘தூய்மைக் காவலர்’. மாசம் 2,600 கொடுத்தார்கள், பிறகு 3,600 ஆக்கினார்கள், 2022இல் 5,000 ஆக உயர்த்தினார்கள். அதற்குக் கூலி என்று பேர் இல்லை, மதிப்பூதியம். மாசம் முப்பது நாளால் வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 166 ரூபாய்ச் சொச்சம். 2025-26இல் நூறுநாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த நாள்கூலி 336. குப்பை அள்ளுகிறவளுக்கு அதில் பாதிகூட இல்லை. இதில் மதிப்பு எங்கே இருக்குது, ஊதியம் எங்கே இருக்குது என்று தமிழ் படித்த மாணவத் தோழர்கள் யாராவது எனக்கு விளக்குங்கள்.

நம் வட்டாரத்து ஊராட்சி ஒன்றில், பேர் வேண்டாம், ஒரு அம்மாவிடம் பேசினேன். கையுறை பற்றிக் கேட்டேன். “குடுத்தாங்க தம்பி, போட்டோ எடுக்கற அன்னிக்கி. இப்ப பீங்கானும் கண்ணாடியும் வெறுங்கையிலதான். மக்கறது மக்காததுன்னு பிரிச்சிக் குடுங்கம்மான்னு ஊட்டுக்காரங்ககிட்ட சொன்னா, அப்ப நீ எதுக்குடி இருக்கறன்னு கேக்கறாங்க. எனக்கு முடியாமப் போனா எம்மருமவள அனுப்புன்னு சொல்லி வச்சிருக்காரு தலைவரு.” அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். குப்பை பிரிக்கிற கொட்டகை எங்கே இருக்குது என்று கேட்டதற்கு, ‘நம்ம தெரு பின்னாலதான், வேற எங்க வக்க வுடுவாங்க’ என்றார். கொட்டகையில் சேருகிற பாட்டிலும் இரும்பும் மாசம் ஒருமுறை வண்டியேறிப் போகுது. என்ன விலைக்கு, யாருக்கு, எந்தக் கணக்கில் என்று அவருக்குத் தெரியாது.

மாமியார் படுத்தால் மருமகள் வரணும் என்கிறதுக்குப் பேர் வேலைவாய்ப்பு அல்ல. சாதி வேலையை மட்டும் பிரிக்கலை, வேலை செய்கிற மனுசரையே பிரிச்சு அடுக்கி வச்சிருக்குது என்று அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் விளக்கினாரே, அது இதுதான். அதே 1936இல் காந்தியார் ‘அரிஜன்’ பத்திரிகையில் இலட்சியத் தோட்டி எப்படி இருக்கணும் என்று கட்டுரை எழுதினார். வேலையைப் புனிதமாக்குவது, ஆளை அங்கேயே வைப்பது. அரிஜன் என்றார்கள்; துப்புரவுப் பணியாளர் என்றார்கள்; 2020இல் தூய்மைப் பணியாளர் என்றார்கள்; மத்திய அரசின் திட்டத்துக்கு ‘நமஸ்தே’ என்றே பேர் வைத்திருக்கிறார்கள், 2024இல் குப்பை பொறுக்குவோரையும் அதில் சேர்த்தார்கள். அந்தத் திட்டத்துக்காகச் சாக்கடைத் தொழிலாளிகள் 38 ஆயிரம் பேரைக் கணக்கெடுத்ததில் நூற்றுக்கு 92 பேர் தலித், பழங்குடி, பிற்பட்டோர். தலித்துகள் மட்டும் 69 பேர். நமஸ்தே!

மறுசுழற்சி அவ்வளவு உயர்ந்த தேசசேவை என்றால் அக்கிரகாரத்திலிருந்தும் ஊர்த்தெருவிலிருந்தும் ஏன் விண்ணப்பம் வரவில்லை? வருது தோழர்களே, வருது. ஆலை முதலாளியாக, ஆலோசகராக, ஒப்பந்தக்காரராக, ‘ஸ்டார்ட்டப்’ காரராக வருது. அங்கே 69 சதவீதம் நம்மவர் இருக்கிறார்களா என்று எண்ணிச் சொல்லட்டும்.

*

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இராயபுரம், திரு.வி.க.நகர் மண்டலங்களின் குப்பையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், 13 நாள் உட்கார்ந்தார்கள். மாசம் 22 ஆயிரத்துச் சொச்சம் வாங்கிக்கொண்டிருந்தவர்களை 16 ஆயிரத்துச் சொச்சத்துக்குப் போ என்றால் உட்காராமல் என்ன செய்வார்கள்? 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. மறுநாள் அமைச்சரவை கூடித் தூய்மைப் பணியாளருக்குக் காலை உணவு இலவசம் என்றது. வேலையைக் கேட்டவளுக்கு இட்லி. சமூகநீதி பேசுகிற அரசுதான் இதுவும்.

அந்த நேரத்தில்தான் அண்ணன் திருமாவளவன், பணி நிரந்தரம் கேட்பது குப்பை அள்ளுகிறவர்களே காலத்துக்கும் அள்ளட்டும் என்பதில் போய் முடியும், நாம் அவர்களை அதிலிருந்து மீட்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். தொழிற்சங்கத் தோழர்கள் கொதித்தார்கள். நமக்குள்ளேயும் இரண்டாய்ப் பிரிந்து பேசிக்கொண்டிருக்கிறோம். குப்பையை விட்டு வெளியே வா என்பது அம்பேத்கர் காட்டிய வழி, அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் எந்த வாசல் வழியாய் வெளியே வருவது? நகராட்சியிலும் ரயில்வேயிலும் நிரந்தர வேலையில் இருந்த நம் தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்குச் சட்டம் படிக்கிறார்கள். சேமநிதி, ஓய்வூதியம், மாசம் முதல் தேதி சம்பளம் இருந்ததால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப முடிந்தது. ஒப்பந்தக் கூலிதான் மருமகளை இழுக்குது. நிரந்தரம் கேட்பவள் தன் மகளுக்கு அந்த வேலையைக் கேட்கலை. மகளுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் தனக்குக் கேட்கிறாள். ‘மீட்பு’ என்று சொல்லி நிரந்தரத்தை மறுத்தால், மீட்பும் வராது, நிரந்தரமும் வராது, ஒப்பந்தக் கம்பெனி மட்டும் வரும். அண்ணனிடம் இதை உரிமையோடு சொல்ல வேண்டியது நம் கடமை.

இன்னொரு பக்கம், புனேயைப் பார். அங்கே 1993இல் காகிதமும் உடைசலும் பொறுக்குகிற பெண்கள், பெரும்பாலும் தலித்துகள், சங்கம் கட்டினார்கள். நகராட்சியிடம் அடையாள அட்டை வாங்கினார்கள், அந்தச் சங்கத்திலிருந்து ‘ஸ்வச்’ என்ற கூட்டுறவு பிறந்து வீடுவீடாய்க் குப்பை எடுக்கும் உரிமையை எழுத்தில் வாங்கியது. பிரித்த பொருளை விற்கிற காசு பிரித்தவளுக்கே. ஒப்பந்தம் முடிகிறபோதெல்லாம் திரும்பப் போராடித்தான் அதைக் காப்பாற்றுகிறார்கள். இதைச் சொன்னால் சிலர் ‘குப்பைக்கே கூட்டுறவா, சாதித் தொழிலுக்குப் பூச்சூடுறதா’ என்கிறார்கள். பூச்சூட வேண்டாம். கம்பெனிக்காரன் தங்கமாய்ப் பார்க்கிற அந்த இரும்பும் அலுமினியமும் யார் கைக்குச் சொந்தம் என்ற சண்டை இது. போக விரும்புகிறவளுக்குப் போக நிலமும் படிப்பும் வேறு வேலையும் கேட்போம். இருக்கிறவரை, பிரிக்கிற எந்திரமும் கொட்டகையும் விற்ற காசும் அவள் பேரில் இருக்கணும். இரண்டையும் ஒரே வாயால் கேட்கலாம், வாய் கிழிஞ்சு போகாது.

வருகிற கிராமசபைக்குப் போகிற தோழர்கள் நோட்டும் பேனாவும் எடுத்துட்டுப் போங்க. போன வருசம் ஊராட்சிக் கொட்டகையிலிருந்து எத்தனை கிலோ இரும்பு, எத்தனை கிலோ பாட்டில் யாருக்குப் போச்சு, என்ன விலை, காசு எங்கே என்று கேளுங்க. கொட்டகை ஏன் நம் தெருவுக்குப் பின்னால் மட்டும் என்று கேளுங்க. இந்த ஊராட்சியில் அதிகமாய்க் கிடக்கிற பாக்கெட் எந்தெந்தக் கம்பெனியுடையது என்று எண்ணிப் பட்டியல் போட்டு, திரும்ப எடுத்துட்டுப் போகச் சொல்லித் தீர்மானம் எழுதச் சொல்லுங்க. ஒரு மூட்டை பாக்கெட்டையும் கூடவே பார்சல் கட்டலாம், தபால் செலவை வசூல் பண்ணிக்கலாம். கணக்கு நோட்டே இல்லைன்னு செயலர் சொன்னார்னா, இல்லைங்கறதையே தீர்மானப் புத்தகத்துல எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்க. வாங்காம எழுந்திரிக்காதீங்க.